மூன்று முறைதான்: ஜெர்மனியில் ஒரு முதுகலை மாணவரின் தேர்வுச் சிக்கல்

இது ஜெர்மனியின் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் 2023 அக்டோபருக்கும் 2025 இறுதிக்கும் இடையே நடந்தது. மாணவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். எங்கள் குழுவில் யாரும் சட்டம் படித்தவர்கள் இல்லை. கீழே சொல்லும் விதிகளில் சில அந்தத் துறைக்கு மட்டுமே உரியவை. எவை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

மாணவர் கொங்குப் பகுதியில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் படித்து 2022இல் முடித்தவர். சிஜிபிஏ 10க்கு 7.8. இடையில் இரண்டு பாடங்களில் அரியர் விழுந்து, அடுத்தடுத்த பருவத்தில் எழுதித் தேறியிருக்கிறார். அது அவருக்கோ வீட்டுக்கோ பெரிய விஷயமாக இருக்கவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை. அப்பா சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். வங்கியில் கல்விக் கடன் வாங்கித்தான் ஜெர்மனிக்கு அனுப்பினார்.

புறப்படுவதற்கு முன் அவர் நன்றாகவே தயாராகியிருந்தார். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் சான்றிதழை (இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது) நேரத்தோடு வாங்கிவிட்டார். விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தைக் காட்டும் பிளாக்டு அக்கவுண்டில் அப்போதைய தொகையான 11,208 யூரோ போட்டிருந்தார். அதிலிருந்து மாதம் 934 யூரோ எடுக்கலாம். நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பீட்டுக்கு மாற்றும் பவேரியன் சூத்திரமும் அவருக்கு மனப்பாடம். குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்று வைத்துக்கொண்டால் 7.8 என்பது 2.3 ஆகும். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. இதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஊரில் ஜெர்மன் கல்வி முறை பற்றிப் புழங்கும் தகவல் ஏறக்குறைய முழுவதும் வாசல்படி வரையிலான தகவல்தான். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட், ஏபிஎஸ், விசா ஸ்லாட், எந்த மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை, எங்கே உண்டு (பாடன் வுர்ட்டம்பெர்கில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ) என்பதையெல்லாம் ஏஜென்சிக்காரர்கள் ஒப்பிப்பார்கள். உள்ளே போனபின் தேர்வு எப்படி நடக்கும், தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இருக்காது. கேட்பவர்களும் அபூர்வம்.

முதல் பருவம்: 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை

குளிர்காலப் பருவம் காகிதத்தில் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவில். விசா தாமதத்தால் இவர் வந்து இறங்கியது நவம்பர் நடுவில். ஒரு மாதப் பாடம் போயிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, பருவம் தொடங்கும் வாரத்தில் நடக்கும் அறிமுகக் கூட்டங்கள். தேர்வுக்குப் பதிவு செய்வது, பதிவை ரத்து செய்வது, எத்தனை முறை எழுதலாம் என்பதையெல்லாம் சொல்லித் தரும் ஒரே கூட்டம் அந்த வாரத்தில்தான் நடக்கும்.

வந்தபின் பாதி நேரம் வேறு வேலைகளில் போனது. வீடு கிடைக்கவில்லை, ஒரு நண்பரின் அறையில் தரையில் படுத்தார். முகவரி இல்லாமல் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாது, அந்தப் பதிவு இல்லாமல் அடுத்த எந்தக் காகிதமும் நகராது. இதை இங்கே வந்த எல்லோரும் அனுபவித்திருப்பார்கள், விரிக்கவில்லை.

டிசம்பரில் தேர்வுப் பதிவு திறந்தது. வகுப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு; பதிவு செய்யாவிட்டால் தேர்வறையில் இடமில்லை. சீனியர்களின் வாட்ஸாப் குழுவில் “எல்லாத்துக்கும் போட்டு வை, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். ஐந்து பாடங்களுக்குப் பதிவு செய்தார். அந்தத் துறையில் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வரை, காரணம் சொல்லாமல் பதிவை ரத்து செய்யலாம். முயற்சிக் கணக்கில் சேராது. அதைக் குழுவில் யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பதற்கு அதைத்தான் நினைத்தார்களோ என்னவோ.

பிப்ரவரி, மார்ச்சில் ஐந்தும் எழுதினார். நான்கில் தேர்ச்சி. கட்டாயப் பாடமான கட்டுப்பாட்டுப் பொறியியலில் (கண்ட்ரோல் இன்ஜினியரிங்) 5.0. அந்தத் தேர்வுக்கு இரண்டு பக்கமும் கையால் எழுதிய ஏ4 தாள் ஒன்று கொண்டுபோகலாம். இவர் கணினியில் அழகாகத் தட்டச்சு செய்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். மேற்பார்வையாளர் தாளைப் பார்த்தார், வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். மிச்ச நேரம் சூத்திரங்களை நினைவிலிருந்து தோண்டி எழுதியிருக்கிறார். 100க்கு 31.

திருத்திய விடைத்தாளை வந்து பார்க்கலாம் என்று ஜெர்மனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

இரண்டாம் முயற்சி: 2024 கோடைப் பருவம்

தோல்வி அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. “ஒரு கப்பு. அடுத்த செமஸ்டர்ல தூக்கிடலாம்” என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார் (கப்பு என்றால் அரியர்). இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் வளர்ந்த ஒருவருக்கு இது மிகவும் நியாயமான எண்ணம். அங்கே அரியர் என்பது கட்டணம் கட்டி அடுத்த பருவத்தில் எழுதுவது. படிப்பு முடிந்தபிறகும் சில ஆண்டுகள் எழுதலாம். 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்ததும், அது நீதிமன்றம் வரை போனதும் நினைவிருக்கும். இவர் அப்போது இரண்டாம் ஆண்டு முடித்திருந்தார். ஒரு பாடத்தில் தோற்றால் பட்டமே போகும் என்று அவருக்கு யாரும், எப்போதும் சொன்னதில்லை.

கட்டுப்பாட்டுப் பொறியியல் வகுப்பு குளிர்காலப் பருவத்தில் மட்டும்தான். ஆனால் தேர்வு இரண்டு பருவத்திலும் உண்டு. கோடையில் எழுதினால் வகுப்பும் இல்லை, பயிற்சி வகுப்பும் இல்லை. தனியாகப் படித்து எழுத வேண்டும். இதற்கிடையே ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை கிடைத்தது. 2024 மார்ச் முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று விதி தளர்ந்திருந்தது. வாடகைக்கும், மாதம் 120 யூரோவுக்கு மேல் போகும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆகஸ்ட் முழுவதும் முழு நேரம் வேலை செய்தார். படிப்புக்கு மிஞ்சியது இரண்டு வாரம்.

செப்டம்பரில் தேர்வுக்கு இரண்டு நாள் முன் காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போய் எழுதினார். 44 மதிப்பெண், தேர்ச்சிக்கு 50. மறுபடி 5.0.

உடம்பு சரியில்லை என்றால் அங்கே வழி உண்டு. தேர்வுக்கு முன் மருத்துவரிடம் போய் அட்டெஸ்ட் எனும் மருத்துவச் சான்று வாங்கி, உடனே தேர்வு அலுவலகத்தில் கொடுத்தால் அந்த முயற்சி கணக்கில் வராது. இதில் சிக்கல்கள் உண்டு. பல பல்கலைக்கழகங்களில், வேலைக்கு விடுப்பு எடுக்கக் கொடுக்கும் சாதாரணச் சான்று போதாது. ‘தேர்வு எழுதும் நிலையில் இல்லை’ என்று தனியாக, சில இடங்களில் அதற்கென்றே உள்ள படிவத்தில், எழுதி வாங்க வேண்டும். அடுத்தது இன்னும் முக்கியம். நோய் என்று தெரிந்தே உட்கார்ந்து எழுதிவிட்டால், முடிவு வந்தபின் ‘அன்றைக்குக் காய்ச்சல்’ என்று சொல்வது எடுபடாது. கஷ்டப்பட்டுப் போய் எழுதியது நம் ஊரில் பாராட்டு வாங்கும். இங்கே அதனால் ஒரு வாய்ப்பு போனது.

எங்களிடம் வந்தபோது

2024 அக்டோபரில் வந்தார். தேர்வு இணையதளத்தில் அவர் பெயருக்கு நேரே இரண்டாவது முயற்சி தோல்வி என்று இருந்தது. அறையில் இருந்த வேறொரு மாணவர் அதைப் பார்த்துப் பதறியபிறகுதான் இவருக்கு உறைத்திருக்கிறது.

“அக்கா, மூணாவது தடவையும் போச்சுன்னா என்ன ஆகும்? மறுபடி பீஸ் கட்டி எழுதலாம்ல?”

எழுத முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வீட்டில் இதுவரை எதுவும் சொல்லவில்லை என்றார். அப்பா ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் “எல்லாம் க்ளியர் ஆயிருச்சா சாமி” என்று கேட்பாராம். “ஆயிருச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கேட்டு வைத்திருந்த செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஒருவர் மூன்று முறை என்றார், ஒருவர் வரம்பே இல்லை என்றார், ஒருவர் மூன்றாவதில் தோற்றால் வாய்மொழித் தேர்வு உண்டு என்றார், ஒருவர் அடுத்த பருவமே கட்டாயம் எழுத வேண்டும் என்றார். இதில் வேடிக்கை, நான்கும் எங்கோ ஓர் இடத்தில் உண்மை. ஜெர்மனியில் கல்வி என்பது மாநில அதிகாரம். 16 மாநிலங்களுக்கும் தனித்தனி உயர்கல்விச் சட்டம். அதன் கீழ் பல்கலைக்கழகம், அதன் கீழ் துறை, கடைசியாக அந்தந்தப் பட்டத்துக்கென்று ப்ரூஃபுங்ஸோர்ட்னுங் எனப்படும் தேர்வு விதிமுறை. ஒரே கட்டடத்தில் மேல் மாடியில் படிப்பவருக்குப் பொருந்துவது கீழ் மாடியில் படிப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். ‘ஜெர்மனியில் எப்படி?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘என் பட்டத்தின் விதிமுறையில் எப்படி?’ என்றுதான் கேட்க வேண்டும்.

விதிமுறையைப் படித்தோம்

ஒரு மாலை முழுவதும் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆங்கிலப் பதிப்பும் இருந்தது. ஆனால் அது படித்துப் புரிந்துகொள்ள மட்டும், சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் மூலம்தான் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம்.

ஒரு பாடத்தைத் தோற்றால் இரண்டு முறை திரும்ப எழுதலாம், ஆக மொத்தம் மூன்று. மூன்றாவதும் போனால் ‘இறுதித் தோல்வி’. அந்தப் பாடம் கட்டாயமானது என்றால் தேர்வு எழுதும் உரிமையே போய்விடும், பல்கலைக்கழகப் பெயர்ப் பதிவு நீக்கப்படும். அதோடு முடிவதில்லை. அதே படிப்பில் ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேரப் போனால், இறுதித் தோல்வி இல்லை என்று சான்று கேட்பார்கள். ஒரே பாடத்தால் நாடு முழுவதும் அந்தப் படிப்புக்குக் கதவு சாத்தப்படும். தங்கும் அனுமதியும் படிப்பு என்ற காரணத்துக்காகக் கொடுத்தது என்பதால் அதற்கும் ஆபத்து.

நல்ல செய்திகளும் இருந்தன. மூன்றாவது முயற்சியை எப்போது எழுத வேண்டும் என்று இந்தத் துறையில் காலக்கெடு இல்லை. பக்கத்துத் துறையில் உண்டு, அங்கே தோற்றவர் பெயர் அடுத்த தேர்வுக்குத் தானாகவே பதிவாகிவிடும். கடைசி முயற்சியின் விடைத்தாளை இரண்டு பேர் திருத்த வேண்டும் என்பதும் விதி. வாய்மொழித் தேர்வு இந்தத் துறையில் கிடையாது. அது உள்ள இடங்களிலும் தேறினால் பொதுவாக 4.0 தான் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை.

எனக்கு அந்த மாலையில் பட்டது ஒன்று. இந்த முறை கொடூரமானது என்று வெளிநாட்டு மாணவர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். விதிமுறையைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. காரணம் சொல்லாமல் விலகலாம், நோய் என்றால் விலகலாம், திருத்திய தாளைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம், தள்ளிப்போடலாம். மாணவருக்கு இவ்வளவு உரிமை நம் ஊரில் இல்லை. ஆனால் ஒன்றையும் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். வருகைப்பதிவு குறைந்தால் வீட்டுக்குப் போன் போகாது, அக மதிப்பெண் போட்டுக் கைதூக்கிவிடும் ஆசிரியர் இல்லை. 120 நிமிடத் தேர்வு ஒன்றுதான் பாடத்தின் மொத்த மதிப்பெண்.

வழிகளும் எடுத்த முடிவுகளும்

முதல் முடிவு எளிது. செப்டம்பர் தேர்வின் விடைத்தாளைப் பார்க்கும் நாள், அதாவது ஐன்ஸிக்ட், அடுத்த வாரம் இருந்தது. அன்று கிடங்கில் ஷிஃப்ட், போகப்போவதில்லை என்றார். ஷிஃப்ட்டை மாற்றச் சொன்னோம்.

சின்ன அறை, நீள மேசை, ஆளுக்கு இருபது நிமிடம். துறையின் ஆய்வு உதவியாளர் ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். படம் எடுக்கக் கூடாது, குறிப்பு எடுக்கலாம். நான் துணைக்குப் போய் வெளியே நின்றேன்; வெளியே வந்தபின் குறிப்பைக் காட்டினார். கணக்குப் போடும் பகுதிகளில் ஏறக்குறைய முழு மதிப்பெண். நைக்விஸ்ட் வளைவு வரைந்து, அமைப்பு நிலை இழக்க இன்னும் எவ்வளவு இடைவெளி என்று சொல்லும் கெயின் மார்ஜினும் பேஸ் மார்ஜினும் கண்டுபிடித்தது சரி. அதற்குக் கீழே ‘தாமத நேரம் இரட்டிப்பானால் இந்த அமைப்பு நிலையாக இருக்குமா, காரணம் கூறுக’ என்ற பகுதி வெறுமையாக இருந்தது. தாமதம் கூடினால் அதிர்வெண்ணுக்கு ஏற்பப் பேஸ் பின்னடைவு கூடும், இருக்கிற பேஸ் மார்ஜினை அது தின்றுவிடும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். இப்படிக் ‘காரணம் கூறுக’ என்று முடிந்த இடங்கள் எல்லாமே வெறுமையாகவோ, கேள்வியையே திருப்பி எழுதியதாகவோ இருந்தன. அந்த உதவியாளர் சொன்னாராம்: கணக்கு தெரிகிறது, அது என்ன சொல்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

அவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை என்பது இங்கேதான் தெரிந்தது. கல்லூரியில் முந்தைய வினாத்தாள்களைப் பார்த்து, வழிமுறையை மனதில் ஏற்றி, படிப்படியாக எழுதி மதிப்பெண் வாங்கிப் பழகியவர். அதே பழக்கத்தில் இங்கே 44 வரை வர முடிந்தது. மீதி ஆறு மதிப்பெண் இருந்தது வேறு வகைக் கேள்வியில். முதல் தேர்வின் தாளை மார்ச்சிலேயே போய்ப் பார்த்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்தது, என்ன செய்வது என்பது. படிப்பை மாற்றிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்கோ, ஃபாக்ஹோக்ஷூலே எனும் செயல்முறைக் கல்லூரிக்கோ போகலாமா என்று பார்த்தோம். மூன்றாவதில் தோற்பதற்கு முன் போனால் கதவு திறந்திருக்கும். ஆனால் அதே பாடம் அங்கேயும் இருந்தால் பழைய தோல்விகளைக் கணக்கில் எடுக்க வாய்ப்புண்டு. எடுத்த கிரெடிட்டுகள் எல்லாம் ஏற்கப்படும் என்ற உறுதியும் இல்லை. தங்கும் அனுமதி குறித்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே பேச வேண்டும். இதை இரண்டாம் வழியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினோம்.

தேர்வை எப்போது எழுதுவது என்பதில் எங்கள் குழுவிலேயே கருத்து வேறுபாடு. காலக்கெடு இல்லாததால் எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் எழுதட்டும் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆய்வேடு வரை போய் இதில் தோற்றால் மூன்று வருடமும் வீண். வகுப்பு நடக்கிற இந்தக் குளிர்காலப் பருவத்திலேயே முதலிலிருந்து உட்கார்ந்து படித்து, அதையொட்டி எழுதுவதுதான் சரி என்றேன். அப்படியே முடிவானது. மாணவரே ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: பதிவை ரத்து செய்யும் கடைசி நாளுக்கு முன் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது; 60க்கு மேல் வராவிட்டால் விலகிவிடுவது.

கிடங்கு வேலையை வாரம் ஒரு நாளாகக் குறைத்தார். மற்றப் பாடங்களில் இரண்டை மட்டும் எடுத்தார். ஆறு ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட் அலகு) பாடம் என்றால் 150 முதல் 180 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பில் உட்கார்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கை அவர் முதல் முறையாகத் தன் நாட்காட்டியில் போட்டுப் பார்த்தது அப்போதுதான். மாணவர் நலச் சேவை நிறுவனம் நடத்தும் உளவியல் ஆலோசனைக்கும் போகச் சொன்னோம். முதலில் தயங்கினார், பிறகு போனார். அங்கே பேசியபிறகுதான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னார்.

விலகலும் தேர்வும்

2025 பிப்ரவரி இறுதியில் பழைய வினாத்தாள்களை எழுதினார். துறை உதவியாளர் தந்த விடைக் குறிப்பை வைத்து வகுப்புத் தோழர் ஒருவர் திருத்தினார். மதிப்பெண் 50க்கும் 58க்கும் நடுவே வந்தது. தேர்ச்சி எல்லைக்கு மேலேதான், ஆனால் நிபந்தனைக்குக் கீழே. எழுதிவிடலாம் என்று அவருக்கு ஒரே துடிப்பு. கடைசி நாள் இரவு பதிவை ரத்து செய்தார்.

இது சரியான முடிவா என்று எங்களுக்குள் இன்றைக்கும் பேச்சு உண்டு. எழுதியிருந்தால் தேறியிருக்கக்கூடும், அரை வருடம் மிச்சமாகியிருக்கும். நான் விலகியது சரி என்கிற பக்கம். வீட்டில் நண்பர் திருத்திய 55, தேர்வறையில் 48 ஆக அதிக நேரம் ஆகாது. மாற்றுக் கருத்துள்ளவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: ஆறு மாதம் அந்தப் பயத்தைச் சுமப்பதற்கும் ஒரு விலை உண்டு.

கோடையில் அவர் செய்த முக்கியமான காரியம், மூன்று பேர் சேர்ந்து வாரம் இருமுறை படித்தது. ஒருவர் ஜெர்மன் மாணவர், ஒருவர் துருக்கியர். கணக்கைப் போட்டபின் அதன் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். ‘காரணம் கூறுக’ பயிற்சி அங்கேதான் நடந்தது. செப்டம்பரில் தேர்வு எழுதினார், இந்த முறை கையால் எழுதிய தாளோடு. அக்டோபரில் முடிவு வந்தது: 3.3.

பின்விளைவு

தேர்ச்சி பெற்ற பாடத்தை மதிப்பெண் கூட்டுவதற்காகத் திரும்ப எழுத அந்தத் துறையில் இடமில்லை. ஆக அந்த 3.3 பட்டத்தின் சராசரியில் நிற்கும். நான்கு பருவத்தில் முடிய வேண்டிய படிப்பு ஆறில்தான் முடியும் என்று தெரிகிறது. இப்போது ஆய்வேட்டுக்கு ஓர் ஆசிரியரைப் பிடித்துவிட்டார்.

பணம்தான் அதிகம் வலித்தது. 2024 செப்டம்பர் முதல் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக, மாதத்துக்கு 992 ஆக உயர்ந்திருந்தது. தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது அதைக் காட்ட வேண்டியிருந்தது. அப்பா பட்டறையின் மேல் கூடுதல் கடன் வாங்கி அனுப்பினார். படிப்பு எப்போது முடியும் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து கடிதமும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான காலத்துக்குள் முடிப்பார் என்று தெரிந்தால்தான் நீட்டிப்பு. கட்டணமில்லாப் படிப்பு என்று வந்தவருக்கு ஓராண்டுத் தாமதத்தின் செலவு, பருவத்துக்குச் சுமார் 300 யூரோவான பருவக் கட்டணத்தில் இல்லை, வாடகையிலும் வட்டியிலும் இருந்தது.

அதே ஆண்டில் பக்கத்துத் துறையில், வேறு நாட்டைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மூன்றாவதில் தோற்றார். அவர் பெயர் அங்கே தானாகவே பதிவாகியிருந்தது. அதைக் கவனிக்காமல் தேர்வுக்குப் போகவில்லை, வராதவருக்கு 5.0. இப்போது வேறொரு பாடத்துறையில் முதல் பருவத்திலிருந்து படிக்கிறார். எங்களிடம் அவர் வந்தது இறுதித் தோல்விக் கடிதம் வந்தபிறகு.

இனி மாற்றுவது

தாமதமாக வருபவர்களுக்கென்று நவம்பர் இறுதியில் ஒரு கூட்டம் தொடங்கியிருக்கிறோம். விசாவால் தாமதமாக வருபவர்கள்தான் அறிமுக வாரத்தைத் தவறவிடுகிறார்கள், அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. கூட்டத்தில் நாங்கள் உரை நிகழ்த்துவதில்லை. ஒவ்வொருவரும் தன் பட்டத்தின் விதிமுறையைத் திறந்து, எத்தனை முயற்சி, காலக்கெடு உண்டா, தானாகப் பதிவாகுமா, எந்த நாள் வரை விலகலாம், நோய்க்கு எந்தப் படிவம் என்பதைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ‘சீனியர் சொன்னார்’ என்று யாராவது சொன்னால், அந்த சீனியர் எந்தத் துறை, எந்த ஆண்டின் விதிமுறை என்று திருப்பிக் கேட்கிறோம். விதிமுறை மாறும், பழைய விதியில் சேர்ந்தவரும் புதிய விதியில் சேர்ந்தவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்.

நவம்பருக்குப் பிறகு வருபவர்களை முதல் பருவத்தில் மூன்று தேர்வுக்கு மேல் எழுத வேண்டாம் என்கிறோம். இதற்கு எதிர்ப்பு உண்டு. கல்விக் கடன் வாங்கி வந்தவருக்கு மெதுவாகப் போ என்பது எளிதில் ஏறாது. ஐன்ஸிக்ட் நாளில் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் ஷிஃப்ட் மாற்ற வேறு மாணவரைத் தேடித் தருகிறோம்.

தேர்வு இணையதளத்தின் ஆங்கிலப் பக்கத்தில், ஒவ்வொரு பாடத்துக்கும் இன்னும் எத்தனை முயற்சி மிச்சம் என்று காட்டும்படி தேர்வு அலுவலகத்திடம் கேட்டிருக்கிறோம். மென்பொருள் வெளியிலிருந்து வாங்கியது, தங்களால் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. முதல் தோல்வியின்போது அனுப்பும் மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று இப்போது கேட்டு எழுதியிருக்கிறோம்.